தவறான போருக்கு எந்த வாசலில் போய்க் கணக்குக் கேட்பது?

2005 மே மாதத் தேர்தல். செட்ஜ்ஃபீல்ட் தொகுதியின் வாக்கு எண்ணிக்கை மேடை. பிரிட்டனில் முடிவை அறிவிக்கும்போது ஜெயித்தவர், தோற்றவர், டெபாசிட் போனவர் எல்லாரும் ஒரே மேடையில் வரிசையாக நிற்பது வழக்கம். லேபர் கட்சிப் பிரதமர் டோனி பிளேரும் நிற்கிறார். அதே மேடையில், இராக்கில் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனும் நிற்கிறார். சுயேச்சையாகப் போட்டியிட்டு அவர் வாங்கியது 4,252 ஓட்டு. பேச வாய்ப்பு வந்ததும், பிரதமர் என்றாவது ஒருநாள் மன்னிப்புக் கேட்பார் என்று நம்புவதாகச் சொன்னார். பிளேர் முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டுக்கொண்டு நின்றார். அப்புறம் மூன்றாவது முறையாகப் பிரதமராக லண்டன் திரும்பினார்.

அந்தத் தகப்பன் தட்டியது தேர்தல் என்ற வாசல். அது ஒன்றுதான் வாசல் என்று நாமும் பழகிவிட்டோம். ஒரு கட்சி நாட்டைத் தவறான போருக்குள் இழுத்துவிட்டால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்போம். ஆனால் வேறு வாசல்களும் உண்டு. இராக் என்ற ஒரே போருக்காக அத்தனையையும் தட்டிப் பார்த்த நாடு பிரிட்டன். தேர்தல், விசாரணை, கட்சித் தலைமைப் போட்டி, நீதிமன்றம் எல்லாம் ஆயிற்று. நூற்றாண்டுகளாகத் தூசி படிந்து கிடந்த பதவிநீக்கத் தீர்மானத்தைக்கூடச் சிலர் எடுத்துப் பார்த்தார்கள். எதிலே எவ்வளவு கிடைத்தது என்று ஒப்பிட்டால், இனி ஒரு போர் வரும்போது நம் நேரத்தையும் தொண்டைத் தண்ணீரையும் எங்கே செலவழிக்கலாம் என்று முடிவெடுக்க உதவும்.

நடந்தது பலருக்கும் தெரியும். 2002 செப்டம்பரில் பிளேர் அரசு வெளியிட்ட ஆவணம், இராக் அதிபர் சதாம் உசேன் 45 நிமிடத்தில் பேரழிவு ஆயுதங்களைத் தயார் செய்துவிட முடியும் என்றது. 2003 பிப்ரவரி 15 அன்று லண்டன் வீதிகளில் கூட்டம் நிரம்பியது. போலீஸ் கணக்கிலேயே ஏழரை லட்சம் பேர். மார்ச் 18 அன்று நாடாளுமன்றம் 412-க்கு 149 என்று போருக்குச் சம்மதித்தது. ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. பிரிட்டன் தரப்பில் 179 பேர் இறந்தார்கள். இராக்கியர்கள் லட்சக்கணக்கில்.

முதலில் தேர்தல் வாசல். என் மாமா ஒருவர் கிழக்கு லண்டனில் தபால் பிரிக்கும் வேலை பார்த்தவர், தொழிற்சங்கக்காரர், அந்த பிப்ரவரிக் குளிரில் ஊர்வலம் போனவர். 2005இல் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் கூச்சத்தோடு, “லேபருக்குத்தான்” என்றார். “போருக்கு எதிராகக் குத்தினால் ஆஸ்பத்திரிக்கும் குறைந்தபட்சக் கூலிக்கும் எதிராகக் குத்தின மாதிரி ஆயிடுமே.” தேர்தலின் முதல் கோளாறு இதுதான். ஒரே ஒரு ஓட்டு. அதிலேயே போர், வரி, பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கோளாறு இதைவிடப் பெரிது. இயன் டங்கன் ஸ்மித் தலைமையில் எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ்களும் போரை ஆதரித்தார்கள். சொல்லப்போனால், போருக்கான காரணம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்ற திருத்தத்துக்கு ஆதரவாக லேபர் எம்.பி.க்கள் 139 பேர் சொந்தக் கட்சியை எதிர்த்து ஓட்டளித்தபோது, அரசுக்குத் தோள்கொடுத்தது கன்சர்வேடிவ்கள்தான். ஆக, ஆளுங்கட்சியைத் தண்டிக்க எதிர்க்கட்சியைத்தான் ஜெயிக்கவைக்க வேண்டும், அந்த எதிர்க்கட்சியும் அதே குற்றத்தில் பங்காளி. உங்கள் தொகுதி லேபர் எம்.பி. அந்த 139 பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேரைத் தண்டிக்க வேண்டுமானால் போரை எதிர்த்த அந்த மனிதரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்!

போரை எதிர்த்த லிபரல் டெமாக்ரட் கட்சி 62 இடம் பிடித்தது. அதற்கு அது பெரிய வெற்றிதான், ஆனால் ஆட்சியைத் தொடுகிற தூரமில்லை. லேபரிலிருந்து நீக்கப்பட்ட ஜார்ஜ் கேலோவே, பெத்னல் கிரீன் தொகுதியில் போரை ஆதரித்த லேபர் எம்.பி.யை 823 ஓட்டில் வீழ்த்தினார். தொகுதி அளவில் கணக்குத் தீர்ந்த அபூர்வமான இடம் அது. நாடு முழுக்கப் பார்த்தால், நூற்றுக்கு 35 ஓட்டோடு லேபர் திரும்ப வந்தது. 160-க்கும் மேல் இருந்த பெரும்பான்மை 66 ஆனது. ஓர் அறை விழுந்தது, ஆள் விழவில்லை.

ஸ்பெயினில் இதே வாசல் திறந்தது. பிரதமர் அஸ்னாரின் அரசு மக்களின் எதிர்ப்பை மீறிப் போரை ஆதரித்திருந்தது. 2004 மார்ச் 14 தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது. புதிய பிரதமர் சபத்தேரோ ஏப்ரல் 18 அன்றே படைகளைத் திரும்ப அழைத்தார். தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்ததும், பழியை அரசு அவசரமாக பாஸ்க் தீவிரவாதிகள் மேல் போட்டதும் அந்த முடிவில் சேர்த்தி. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அடிப்படையில், சபத்தேரோவின் சோஷலிஸ்டுகள் ஆரம்பத்திலிருந்தே போரை எதிர்த்தவர்கள். கோபத்தைக் கொண்டுபோய் இறக்கிவைக்க ஸ்பானியர்களுக்கு ஓர் இடம் இருந்தது. உங்கள் நாட்டில் பெரிய கட்சிகள் இரண்டும் போருக்குக் கைதூக்கியிருந்தால், தேர்தலை நம்பி உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை.

சரி, விசாரணை. இதில் பிரிட்டனுக்குக் குறைவே இல்லை. பிபிசி செய்தி ஒன்றுக்குத் தகவல் தந்த ஆயுத நிபுணர் டேவிட் கெல்லியின் மரணத்தை விசாரித்த ஹட்டன் அறிக்கை 2004 ஜனவரியில் வந்தது. பதவி போனது யாருக்கு என்றால், அரசின் ஆவணத்தைச் சந்தேகித்துச் செய்தி போட்ட பிபிசியின் தலைவருக்கும் தலைமை இயக்குநருக்கும்! அதே ஆண்டு ஜூலையில் உளவுத் தகவல்களை ஆராய்ந்த பட்லர் அறிக்கை, தவறுகளைப் பட்டியலிட்டுவிட்டு யார் தலையையும் கேட்காமல் முடித்துக்கொண்டது. பிறகுதான் சில்காட் விசாரணை.

2009 ஜூனில், பிளேருக்குப் பின் பிரதமரான கார்டன் பிரவுன் அறிவித்தபோது விசாரணை மூடிய அறைக்குள் நடக்கும் என்றுதான் இருந்தது. எதிர்ப்பு வந்ததும் கதவைத் திறந்தார்கள். ஜான் சில்காட்டோடு சேர்த்து ஐந்து பேர் குழு, அதில் நீதிபதி ஒருவரும் இல்லை. பிளேர் அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்புகளை வெளியிடலாமா கூடாதா என்ற இழுபறியிலும், விமர்சிக்கப்படுவோருக்கு முன்கூட்டியே காட்டிப் பதில் வாங்கும் நடைமுறையிலும் ஆண்டுகள் ஓடின. அறிக்கை வருவதற்குள் குழுவில் ஒருவரான வரலாற்றாசிரியர் மார்ட்டின் கில்பர்ட் காலமாகிவிட்டார். இறந்த வீரர்களின் குடும்பங்கள் வழக்குப் போடுவோம் என்று மிரட்ட வேண்டியிருந்தது. ஒருவழியாக 2016 ஜூலை 6 அன்று வந்தது: 12 தொகுதிகள், 26 லட்சம் சொற்கள், செலவு ஒரு கோடி பவுண்டுக்கு மேல்.

இவ்வளவு இழுத்ததில் என்ன கிடைத்தது? நான் இந்த வாசலைக் கேலி செய்பவன் இல்லை. சில காகிதங்கள் கிடைத்தன, அவை சாதாரணக் காகிதங்கள் இல்லை. ஒன்று, 2002 ஜூலை 28 தேதியிட்டு பிளேர் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பு. அதன் முதல் வரியிலேயே, என்ன ஆனாலும் உங்களோடு இருப்பேன் என்ற வாக்குறுதி. நாடாளுமன்றம் ஓட்டுப் போட இன்னும் எட்டு மாதம் இருந்தது. அதைப் படித்தபின் 2003 மார்ச் விவாதத்தின் உருக்கமான பேச்சுகளை பழைய மரியாதையோடு கேட்க முடியவில்லை. அமைதி வழிகள் தீர்ந்துபோகும் முன்பே போருக்குப் போனார்கள், அது கடைசி வழியாக இருக்கவில்லை என்று அறிக்கை தெளிவாகச் சொன்னது. அன்றே பிளேர் பத்திரிகையாளர்களைச் சந்தித்து, குரல் தழுதழுக்க வருத்தம் தெரிவித்தார். கூடவே, அதே சூழ்நிலை வந்தால் அதே முடிவைத்தான் எடுப்பேன் என்றார். அந்த நவம்பரில், பிளேர் நாடாளுமன்றத்திடம் சொன்னதற்கும் உள்ளே நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை ஆராயக் கோரி ஸ்காட்லாந்து தேசியக் கட்சி கொண்டுவந்த தீர்மானம் 439-க்கு 70 என்று தோற்றது. லேபரும் கன்சர்வேடிவும் அதிலும் ஒரே பக்கம்.

காலதாமதம் விசாரணையோடு ஒட்டிப் பிறந்த நோய் என்று நினைத்துவிட வேண்டாம். நெதர்லாந்து அரசும் அந்தப் போருக்கு அரசியல் ஆதரவு கொடுத்திருந்தது. அங்கே ஓய்வுபெற்ற நீதிபதி டேவிட்ஸ் தலைமையிலான குழு 2009இல் வேலையைத் தொடங்கி 2010 ஜனவரியில் அறிக்கை கொடுத்துவிட்டது, போருக்குச் சர்வதேசச் சட்டத்தில் போதிய ஆதாரமில்லை என்று. பிரதமர் பால்கனெண்டே முதலில் முரண்டு பிடித்து, அப்புறம் கூட்டணிக் கட்சியின் நெருக்கடியில் கொஞ்சம் இறங்கி வந்தார். டென்மார்க்கில் இதற்கு நேர் எதிர்: ஓர் அரசு அமைத்த விசாரணைக் குழுவை, 2015இல் ஆட்சி மாறியதும் அடுத்த அரசு பாதியிலேயே கலைத்துவிட்டது. ஆகவே விசாரணை வேண்டும் என்று கோஷம் போடுவதற்கு முன்னால், எத்தனை மாதத்தில் முடியும், ஆவணத்தை வெளியிடும் அதிகாரம் யார் கையில், ஆட்சி மாறினால் குழு பிழைக்குமா என்ற மூன்றையும் கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அது ஆறப்போடும் தந்திரமாகத்தான் முடியும்.

நீதிமன்ற வாசலைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஆக்கிரமிப்புப் போர் என்ற குற்றம் இங்கிலாந்தின் உள்நாட்டுச் சட்டத்திலேயே இல்லை என்பதால், பிளேர் மீது வழக்குத் தொடர இராக்கின் முன்னாள் தளபதி ஒருவர் கேட்ட அனுமதியை உயர் நீதிமன்றம் 2017இல் மறுத்தது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அந்தக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் வந்ததே 2018 ஜூலையில்தான், அதுவும் பின்தேதியிட்டுச் செல்லாது. 2004இல் சில எம்.பி.க்கள் முயன்ற பதவிநீக்கத் தீர்மானமும் விவாதத்துக்கே வரவில்லை. பிரிட்டனில் அந்த முறையில் கடைசியாக ஒருவரை விசாரித்தது 1806இல்.

கட்சிக்குள் கேட்கிற கணக்கு வேறு மாதிரி. மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் தோல்விதான். ஓட்டெடுப்புக்கு முந்தைய மாலை ராபின் குக் அமைச்சர் பதவியை விட்டு விலகிப் பேசியபோது, கைதட்டல் வழக்கமில்லாத அந்தச் சபையில் எழுந்து கைதட்டினார்கள். கைதட்டியதோடு சரி, மறுநாள் ஓட்டு எண்ணிக்கையில் போரை எதிர்த்தவர்கள் தோற்றார்கள். விலகுவேன் என்று முன்பே எச்சரித்த கிளேர் ஷார்ட் போருக்கு ஆதரவாக ஓட்டளித்துவிட்டு மே மாதம் விலகினார். அந்த இரண்டு மாத இடைவெளிதான் அவருடைய விலகலின் விலையைக் குறைத்தது. 2006 செப்டம்பரில் இளநிலைப் பொறுப்பாளர்கள் சிலர் ராஜினாமா செய்து நெருக்கிய பிறகுதான் பிளேர் ஓராண்டுக்குள் போவதாகச் சொன்னார். 2007 ஜூனில் போனார். இடத்துக்கு வந்தவர், நிதியமைச்சராக இருந்து அதே போருக்குப் பணம் ஒதுக்கிய பிரவுன்.

ஆனால் இந்த வாசலின் வேலை மெதுவாக, ஒரு தலைமுறை தள்ளித்தான் தெரியும். 2010 லேபர் தலைமைப் போட்டியில் அண்ணன் டேவிட் மிலிபேண்ட் போருக்கு ஓட்டளித்தவர். தம்பி எட், 2003இல் எம்.பி.யாகவே இல்லாததால் கைசுத்தம். அண்ணனை ஒன்றேகால் சதவீதம் போன்ற மயிரிழையில் தம்பி ஜெயித்தார், ஜெயித்த கையோடு அந்தப் போர் தவறு என்று மாநாட்டிலேயே சொன்னார். அமெரிக்காவில் 2008இல் ஹிலாரியை ஒபாமா முந்தியதிலும் 2002 அக்டோபரில் போருக்கு ஆதரவாக ஹிலாரி போட்ட ஓட்டு ஒரு பெரிய சுமை. 2003இல் உறுப்பினர் அட்டையைக் கிழித்துப் போட்ட என் மாமா, 2015 லேபர் தலைமைப் போட்டியில் மூன்று பவுண்டு கட்டிப் பதிவு செய்து ஜெரமி கார்பினுக்கு ஓட்டுப் போட்டார். “ஊர்வலத்தில் பேசினவர், அதனால போட்டேன். மத்தபடி பெரிசா நம்பிக்கை இல்லை” என்றார். சில்காட் வந்த அன்று கட்சியின் பெயரால் மன்னிப்புக் கேட்டவர் கார்பின்தான். ஒரு வாரம் முன்புதான் அவருடைய சொந்த எம்.பி.க்கள் 172 பேர் அவர் மேல் நம்பிக்கையில்லை என்று ஓட்டளித்திருந்தார்கள். அந்த மன்னிப்புக்குக் கட்சிக்குள் எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது நான் முதலிடம் கொடுக்கும் வாசலுக்கு வருகிறேன். போருக்குப் பிறகு கேட்கும் கணக்கைவிட, போருக்கு முன்னால் கேட்கும் கணக்கு. 2013 ஆகஸ்ட் 29. சிரியாவில் ரசாயன ஆயுதத் தாக்குதலுக்குப் பதிலடி கொடுக்க, கன்சர்வேடிவ் பிரதமர் டேவிட் கேமரூன் நாடாளுமன்றத்தின் சம்மதம் கேட்டார். 285-க்கு 272 என்று தோற்றார். அவருடைய கட்சியிலேயே முப்பது பேர் எதிர்த்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் இருந்தவர் அந்தத் தம்பி எட் மிலிபேண்ட். கட்சிக்குள் கேட்ட கணக்கு மூன்று வருடம் கழித்து இங்கே வட்டியோடு வந்து சேர்ந்தது. சிரியாவில் தாக்கியிருக்க வேண்டுமா கூடாதா என்பது தனி வாதம். அந்த மக்களைக் கைவிட்டுவிட்டோம் என்று இன்றும் வருந்துபவர்கள் உண்டு. நான் பார்ப்பது, ஓர் அரசை அதன் சொந்த எம்.பி.க்கள் போரின் வாசற்படியிலேயே நிறுத்த முடிந்தது என்பதை.

2003லும்தானே ஓட்டெடுப்பு நடந்தது என்று கேட்பீர்கள். நடந்தது. வித்தியாசம் மேசைமேல் இருந்த காகிதத்தில். 2003 மார்ச் 7 அன்று அரசின் தலைமைச் சட்ட ஆலோசகர் கோல்ட்ஸ்மித் கொடுத்த கருத்து 13 பக்கம். இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம், ஐ.நா.வின் இன்னொரு தீர்மானம் இருந்தால் பாதுகாப்பு என்ற தயக்கம் நிறைந்தது. பத்து நாள் கழித்து நாடாளுமன்றத்துக்கு வந்தது ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பதில், தயக்கம் எல்லாம் காணாமல் போயிருந்தது. அமைச்சரவைக்கே முழுக் கருத்தைக் காட்டவில்லை. 13 பக்கம் 2005 ஏப்ரல் கடைசியில், கசிந்த பிறகுதான் வெளியே வந்தது. 2013லோ, அரசு தன் சட்ட நிலைப்பாட்டையும் உளவு மதிப்பீட்டையும் விவாதத்தன்றே பொதுவில் வைத்தது. இராக் அடித்த அடியால் வந்த பழக்கம். காகிதம் இல்லாத ஓட்டெடுப்பு ஆபத்தானதும்கூட. பின்னால் கேட்டால், நாடாளுமன்றமே சம்மதித்ததே என்று கட்சி கைகாட்டித் தப்பித்துவிடும். பிளேர் அதைத்தான் செய்தார்.

இதுவும் சட்டமாகவில்லை, வெறும் வழக்கம்தான். 2018 ஏப்ரலில் பிரதமர் தெரசா மே சிரியாவில் குண்டு போட்டுவிட்டு அப்புறம்தான் சபைக்கு வந்தார். ஆகவே பிரிட்டனில் ஓட்டுரிமை உள்ளவர் என்னைக் கேட்டால், தன் எம்.பி.யிடம் வாங்க வேண்டிய வாக்குறுதி இது: படை போகும் முன் ஓட்டெடுப்பு, அதற்கு முன் முழுச் சட்டக் கருத்து. இதைச் சட்டமாக்கு. கட்சி உறுப்பினராக இருந்தால் தலைமைப் போட்டியில் பழைய ஓட்டுகளைத் தோண்டிக் கேளுங்கள். விசாரணை, டச்சுக்காரர்கள் மாதிரி ஒரு வருடக் கெடுவோடு. பொதுத்தேர்தல் கடைசியில்.

இந்த வரிசையை அப்படியே இந்தியாவுக்குத் தூக்கி வர முடியாது. இங்கே போருக்கோ படை அனுப்பவோ நாடாளுமன்றத்தின் முன்அனுமதி தேவையில்லை. தேவை என்று வைத்துக்கொண்டாலும், 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகும். அந்த 139 லேபர் எம்.பி.க்களும் 30 கன்சர்வேடிவ்களும் இந்தியாவில் இருந்திருந்தால் மறுநாள் சபாநாயகரிடம் அவர்கள் மேல் மனு போயிருக்கும். இராக் போரைப் பற்றி 2003 ஏப்ரலில் மக்களவை நிறைவேற்றிய தீர்மானத்திலேயே, கண்டனமா வருத்தமா என்று ஆளுங்கட்சியும் காங்கிரஸும் மல்லுக்கட்டி, கடைசியில் இரண்டு பொருளும் தொனிக்கும் ‘நிந்தா’ என்ற இந்திச் சொல்லில் போய்ச் சமாதானம் ஆனார்கள். நம் நிந்தனைதான். அதற்குமேல் யாரும் கட்சியை மீறவில்லை.

எனவே இங்கே நான் விசாரணையைத்தான் முதலில் வைப்பேன். 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைக்குப் போன அமைதிப்படை ஏறக்குறைய 1,200 வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் திரும்பியது. அங்கே இறந்த தமிழர்களின் கணக்கு தனி. நடுவில் வந்த 1989 தேர்தலில் ராஜீவ் காந்தி தோற்றார், ஆனால் ஊரே பேசியது போஃபர்ஸைத்தான். படையை வரவேற்கச் சென்னையில் நடந்த நிகழ்ச்சிக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை. பாராட்டியவர்களும் திட்டியவர்களும் உண்டு. அனுப்பியது யார் சொல்லி, எந்த உளவுத் தகவலை நம்பி, எந்தக் கட்டத்தில் அமைதிப்படை போர்ப்படையானது என்பதற்கு, சில்காட் போட்ட மாதிரி ஒரு பொது விசாரணையின் ஒரு தொகுதிகூட நம் கையில் இல்லை.